மாரியம்மன் கோயிலில் திரௌபதிக்குத் தீ: சவுத் பிரிட்ஜ் சாலைக் கோயிலை அறிய ஒரு தொடக்கம்

சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் ஸ்ரீ மாரியம்மன் கோயில். தீபாவளிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு அங்கே தீமிதி நடக்கும். இவ்வளவும் இங்குள்ள தமிழர்கள் பெரும்பாலோருக்குத் தெரியும். அந்தத் தீ எந்த அம்மனுக்காக மூட்டப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆண்டு தவறாமல் ஊர்வலம் பார்க்கப் போகிறவர்கள்கூட “மாரியம்மனுக்குத்தான், வேறு யாருக்கு?” என்பார்கள்.

அது திரௌபதி அம்மனுக்கு உரிய தீ. பாண்டவர்களின் மனைவியான அதே திரௌபதிதான். கோயிலின் கருவறையில் இருப்பவள் மாரியம்மன். கோயிலின் மிகப் பெரிய விழாவுக்கு உரியவள் அதே வளாகத்தில் தனிச் சன்னதி கொண்ட திரௌபதி. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் கொடியேற்றம் முதல் பூக்குழி வரை அங்கு நடக்கும் ஒவ்வொரு சடங்கும் ஒரு கதையாகக் கோவையாகத் தெரியத் தொடங்கும். கோயிலுக்குப் புதியவர்களுக்கும், சிறு வயதிலிருந்தே போய்வந்தும் யாரும் எடுத்துச் சொல்லாதவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

முதலில் மாரியம்மன்

மாரியம்மன் ஊர்த் தாய். மழைக்கும் நோய்க்கும் அவளே பொறுப்பு என்பது நம் கிராமங்களின் நம்பிக்கை. பெரியம்மை ஊரை வாரிக்கொண்டு போன காலத்தில், உடம்பில் முத்துப் போட்டால் அதை “அம்மா வந்திருக்கிறாள்” என்றே சொன்னார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் வேப்பிலையும் மஞ்சளும் கலந்த நீரை ஊற்றினார்கள். நோயைத் தருபவளும் அவளே, இறக்கிவிடுபவளும் அவளே. அதனால் அவளிடம் பயமும் உரிமையும் ஒன்றாகக் கலந்திருக்கும். வேறு தெய்வங்களிடம் பேசாத பேச்செல்லாம் அவளிடம் பேசுவார்கள். ஆடி மாதத்தில் கூழ் ஊற்றுவதும் இந்த உறவின் ஒரு பகுதி.

பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. ஆனாலும் சின்னம்மை கண்ட பிள்ளை இருக்கும் வீட்டில் வேப்பிலை வைப்பது இன்றும் நிற்கவில்லை. சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளிலும் இது உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். நெருக்கடியான கப்பல் தளம், தெரியாத ஊர், கொள்ளைநோய்ப் பயம். செயின்ட் ஜான்ஸ் தீவில் கப்பல் பயணிகளைத் தனிமைப்படுத்தும் நிலையம் 1874இல்தான் வந்தது. அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே மாரியம்மன் இங்கு வந்து அமர்ந்துவிட்டாள். வந்தவர்கள் முதலில் யாரைத் துணைக்குக் கூப்பிட்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

செங்கல் சூளைக்காரர் தேடிய நிலம்

சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1819 மே மாதம் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூர் வந்தபோது, ‘இந்தியானா’ என்ற கப்பலில் பினாங்கிலிருந்து அவரோடு வந்தவர் நாராயண பிள்ளை. இங்கே வீடு கட்ட ஆள் வேண்டும், செங்கல் வேண்டும் என்பதைக் கண்டு சூளை வைத்தார். துணி வியாபாரமும் செய்தார். 1822இல் கடை தீக்கிரையாகிக் கடனில் விழுந்து, மீண்டும் எழுந்தார். அன்றைய சிங்கப்பூரில் இந்தியர்களுக்குத் தலைவர்போல் இருந்தவர் அவர்.

கோயிலுக்கு முதலில் கிடைத்த இடம் தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில். அங்கே பூசைக்கு ஏற்ற நல்ல தண்ணீர் இல்லை. அடுத்து இன்றைய ஸ்டாம்ஃபோர்டு கால்வாய்க்கு அருகில் ஓர் இடம். அது 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தோடு ஒத்துவரவில்லை. கடைசியில் 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலை இடம் கிடைத்தது. 1827இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஒரு சிறு கோயில் எழுந்தது. நாராயண பிள்ளை அதில் அமர்த்திய சிறிய திருவுருவத்தைச் ‘சின்ன அம்மன்’ என்றார்கள். இன்று மூலவராக நாம் வணங்குவது அதே திருவுருவம்தான் என்பர்.

செங்கல் கட்டடம் 1843இல் வந்தது. இன்று நாம் காணும் அமைப்பின் பெரும்பகுதி 1862, 1863 ஆண்டுகளைச் சேர்ந்தது. அதில் அப்போது இங்கே தண்டனை அனுபவித்த இந்தியக் கைதிகளின் உழைப்பும் இருந்ததாகக் கருதப்படுகிறது. சுதைவேலை செய்தவர்கள் நாகப்பட்டினம், கடலூர் பகுதிகளிலிருந்து வந்த கைவினைஞர்கள். இந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் நினைவில் வையுங்கள். திரௌபதியிடம் போகும்போது தேவைப்படும்.

கோபுரம் முதலில் 1903இல் எழுந்தது, இன்றைய கோபுரத்தின் உடல் 1925இல் வந்தது. 1973 ஜூலையில் கோயில் தேசிய நினைவுச் சின்னமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அண்மைக் குடமுழுக்கு 2023 பிப்ரவரி 12 அன்று நடந்தது.

ஆண்டுகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கட்டடம் செய்த வேலை. கப்பலிலிருந்து இறங்கி, போக இடமில்லாமல் நின்றவர்களுக்கு வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை அது அடைக்கலம் தந்தது. ஒரு காலத்தில் இந்துத் திருமணங்களைப் பதிவு செய்யும் அதிகாரமும் அதற்கு இருந்தது. இங்குள்ள பல குடும்பங்களின் முதல் கல்யாணம் அந்த மண்டபத்தில் நடந்திருக்கும். பக்கத்திலேயே, அதே சாலையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசல் இருக்கிறது. சைனாடவுன் என்று நாம் அழைக்கும் இடத்தின் நடுவில் தமிழ் பேசியவர்கள் எழுப்பிய கோயிலும் பள்ளிவாசலும் சிறு இடைவெளியில் நிற்கின்றன. டெம்பிள் ஸ்ட்ரீட், பகோடா ஸ்ட்ரீட் இரண்டும் இந்தக் கோயிலால் பெயர் பெற்றவை.

திரௌபதி எப்படி அம்மன் ஆனாள்?

மகாபாரதத்தில் திரௌபதி துருபதனின் யாகத் தீயில் பிறந்தவள். சூதில் பணயமாக வைக்கப்பட்டு, சபையில் கூந்தலைப் பற்றி இழுத்து வரப்பட்டவள். துகிலை உரிய முயன்றபோது கண்ணனை அழைத்தாள், சேலை வளர்ந்துகொண்டே போனது. இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை. தமிழ்நாட்டு மக்கள் இந்தக் கதையில் ஒன்றை இறுகப் பற்றிக்கொண்டார்கள்: அவிழ்ந்த கூந்தல். துரியோதனனின் தொடை பிளந்து அவன் குருதி படும்வரை கூந்தலை முடியமாட்டேன் என்று அவள் போட்ட சபதம். அநியாயம் நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருக்கும் அந்தத் தலைவிரி கோலத்தில் மக்கள் சக்தியைக் கண்டார்கள். அவளுக்குக் கோயில் கட்டினார்கள்.

பாரதத்துக்கும் தமிழ் மண்ணுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, கோயில் மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கென்று பங்கு ஒதுக்கியதைச் சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஊருக்கும் பாரதம் காதால் போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

திரௌபதி வழிபாட்டின் தாயிடமாகச் செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியைச் சொல்வார்கள். செஞ்சியை ஆண்ட மன்னனுக்கு உதவ அவள் மறுபடி தோன்றினாள் என்பது அந்தப் பகுதியின் கதை. அங்கிருந்து வடதமிழ்நாடு முழுதும், கிழக்கே கடலூர், தெற்கே தஞ்சை, நாகை வரை திரௌபதி கோயில்கள் நிறைந்தன. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி என்று பல நாள் நடக்கும் விழா அது. படுகளத்தில் துரியோதனனை மண்ணால் மாபெரும் உருவமாகத் தரையில் படுக்க வைப்பார்கள். பீமன் தொடையில் அடிப்பான். திரௌபதி கூந்தலை முடிவாள். அதன் பிறகுதான் தீ.

நாகப்பட்டினம், கடலூர் என்று மேலே சொன்னேன் அல்லவா? சிங்கப்பூருக்கு ஆட்களும் கைவினைஞர்களும் வந்தது இந்தக் கரையிலிருந்துதான். ஊர்த் தாயாக மாரியம்மனைக் கொண்டுவந்தவர்கள், தங்கள் பாரதத் தாயையும் விட்டுவிட்டு வரவில்லை. இரண்டு அம்மன்களுக்குத் தனித்தனிக் கோயில் கட்ட அந்தச் சிறு சமூகத்தால் முடிந்திருக்காது. ஒரே மதிலுக்குள் இருவரும் வந்தார்கள் என்பது என் எண்ணம். 1840 முதல் இங்கே தீமிதி நடந்துவருகிறது. பழைய நாளில் ஆல்பர்ட் ஸ்ட்ரீட் பகுதியையும் தமிழர்கள் ‘தீமிதித் திடல்’ என்று அழைத்திருக்கிறார்கள், ஆக நெருப்பு மிதித்த இடம் ஊரில் ஒன்று மட்டும் இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் மாரியம்மனுக்கும் குண்டம் இறங்குவார்கள். சத்தியமங்கலத்தை அடுத்த பண்ணாரி இதற்குப் பேர்போனது. ஆகவே தீ மிதித்தாலே திரௌபதி என்று சொல்ல முடியாது. சவுத் பிரிட்ஜ் சாலைத் தீமிதி திரௌபதிக்கு உரியது என்பதை அந்த ஓர் இரவை மட்டும் பார்த்து அறியவும் முடியாது. அதற்கு முந்தைய வாரங்களைப் பார்க்க வேண்டும்.

ஆடியில் தொடங்கும் கதை

ஆடிப் பௌர்ணமியை ஒட்டிக் கொடியேறும். அந்தக் கொடியில் அனுமன் இருப்பார். பாரதப் போரில் அர்ச்சுனனின் தேர்க்கொடியில் இருந்தவர் அனுமன் அல்லவா? மாரியம்மன் கோயிலில் அனுமன் கொடிக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு விடை அதுதான். அன்றே பாரதம் தொடங்கிவிட்டது.

பிறகு வாரக்கணக்கில் கதை நகரும். பாரதம் படிக்கப்படும். திரௌபதிக்கும் அர்ச்சுனனுக்கும் மாலை மாற்றிக் கல்யாணம் நடக்கும். அரவான் களப்பலி வரும். பாரதப் போர்க் காட்சியான சக்கரவர்த்திக் கோட்டை வரும். தீமிதிக்கு முன் வெள்ளி ரதம் புறப்படும். தீமிதி முடிந்த பிறகு தர்மருக்குப் பட்டாபிஷேகம். ஐப்பசியில் மிதிக்கும் நெருப்புக்கு ஆடியிலேயே கதை தொடங்கிவிடுகிறது. ஊர்வல நாளன்று மட்டும் போகிறவருக்குக் கதையின் கடைசிக் காட்சி மட்டுமே கிடைக்கிறது. அதனால்தான் அது பலருக்கு வெறும் நெருப்பாகவும் கூட்டமாகவும் தெரிகிறது.

அரவானைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அவன் அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். போரில் பாண்டவர் வெல்ல, குறையில்லாத வீரன் ஒருவனைக் காளிக்குப் பலி தர வேண்டும் என்றபோது அவன் முன்வந்தான். சாவதற்கு முன் அவன் கேட்ட வரங்களில் ஒன்று, பதினெட்டு நாள் போரையும் கண்ணால் காண வேண்டும் என்பது. வெட்டுண்ட தலை உயிரோடு இருந்து போரைப் பார்த்தது என்கிறது கதை. கோயிலில் அவனுக்குத் தனி இடம் உண்டு. பெரிய மீசையோடு, விழித்த கண்களோடு இருக்கும் தலை. விவரம் தெரியாமல் போகும் குழந்தைகள் அந்த முகத்தைக் கண்டு பயப்படுவார்கள். அடுத்த முறை கதையைச் சொல்லி அழைத்துப் போங்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் கூத்தாண்டவராக வணங்கப்படுபவனும் இவன்தான். அங்கே திருநங்கையர் அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழும் விழா உலகம் அறிந்தது.

இன்னொரு சன்னதியும் பலரைத் தயங்க வைக்கும்: பெரியாச்சி அம்மன். மடியில் ஒரு பெண்ணின் வயிற்றைக் கிழித்தபடி, காலடியில் ஓர் ஆணை மிதித்தபடி, கையில் ஒரு குழந்தையை உயர்த்திப் பிடித்தபடி இருப்பாள். கொடுங்கோல் அரசன் ஒருவனுக்குப் பிறக்கும் குழந்தை தரையைத் தொட்டால் நாடு அழியும் என்று சொல்லப்பட்டிருந்தது. பேறு பார்க்க வந்த பெரியாச்சி குழந்தையைத் தரையில் படாமல் ஏந்திக்கொண்டு, தன்னைக் கொல்ல வந்த அரசனையும் அரசியையும் அழித்தாள். பார்க்க அவ்வளவு உக்கிரமான அவள்தான் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் காவல். பிள்ளை பிறந்து முப்பது நாள் கழிந்ததும் அவளிடம் கொண்டுவந்து காட்டும் வழக்கம் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. மருத்துவமனையில் எல்லா வசதியோடும் பிரசவித்த இளம் தாய்மார்களும் மாமியாரோடு வந்து நிற்பதைக் காணலாம். எனக்கு இந்தக் கோயிலில் மிகவும் பிடித்த வழிபாடு இது.

தீமிதி இரவு

தீ மிதிப்பவர் வெறுமனே வந்து நடந்துவிட முடியாது. மஞ்சள் கிழங்குத் துண்டு கோத்த கயிற்றைக் கையில் காப்பாகக் கட்டிக்கொண்டு, அசைவம் விட்டு, தரையில் படுத்து, மனத்தையும் உடலையும் கட்டி விரதம் இருக்க வேண்டும். விரதம்தான் நேர்த்திக்கடனின் பெரும்பகுதி. நெருப்பில் நடப்பது சில நொடி.

சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் ஊர்வலமாகப் புறப்படுவார்கள். ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நடை. தேக்கா வட்டாரத்தில் தொடங்கி நகரத்தின் நடுவே வந்து சவுத் பிரிட்ஜ் சாலையை அடைவார்கள். பெருமாள் கோயிலிலிருந்து ஏன் என்று கேட்டால், கதையைப் பார்த்தாலே மனம் நிறைகிறது: கண்ணன் திரௌபதிக்கு அண்ணன் முறை. தங்கைக்காக நடக்கப் போகிறவர்கள் அண்ணன் வாசலிலிருந்து கிளம்புகிறார்கள்.

கோயில் முற்றத்தில் கட்டைகளை அடுக்கி எரித்து, தணலாக்கிப் பரப்பியிருப்பார்கள். பூக்குழி என்றே அதைச் சொல்வது வழக்கம். தலைமைப் பண்டாரம் கரகம் தாங்கி முதலில் இறங்குவார்; திரௌபதி அம்மன் பார்த்திருக்க, அவருக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள். குழியின் மறுமுனையில் பால் நிறைத்த சிறு குழி இருக்கும்; தணலைக் கடந்த கால் அதில் படும். சீனர்களும் இதில் நேர்ந்துகொண்டு நடப்பதுண்டு.

போர் முடிந்து கூந்தலை முடிந்த திரௌபதி, தன் தூய்மையைக் காட்டத் தீயில் இறங்கி மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தாள் என்பதே இந்த நடைக்குச் சொல்லப்படும் கதை. தீயில் பிறந்தவளுக்குத் தீ தாய்மடி. பக்தர் நடப்பது அவள் நடந்த தடத்தில்.

சிங்கப்பூரில் ஆண்கள் மட்டுமே தீ மிதிக்கிறார்கள். பெண்கள் பால்குடம் எடுப்பார்கள், கும்பிடுதண்டம் போடுவார்கள். கும்பிடுதண்டம் என்றால் சில அடிக்கு ஒருமுறை விழுந்து வணங்கி எழுந்து கோயிலைச் சுற்றி வருவது. ஆண்கள் உருண்டு வரும் அங்கப்பிரதட்சணமும் உண்டு. நனைந்த சேலையோடு கல்தரையில் விழுந்து எழுந்து வரும் பெண்களைப் பார்த்தவர்கள் அதை எளிய வேண்டுதல் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் செய்திகளிலும் படங்களிலும் வருவது நெருப்பு மட்டும்தான். ஒரு பெண்ணின் அவமானத்தையும் சபதத்தையும் நடுவில் வைத்த விழாவில் பெண்களின் வேண்டுதல் ஓரத்தில் போய்விடுவது எனக்கு வருத்தம் தருகிறது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் பெண்களும் குழி இறங்குகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

முதல் முறை போகிறவர்களுக்கு

தீமிதி இரவில் சன்னதிகளை நின்று பார்க்க முடியாது. அதற்கு முன் ஏதாவது ஒரு சாதாரண நாளில் போங்கள். சைனாடவுன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் பகோடா ஸ்ட்ரீட் பக்கம் ஏறினால் தெருமுனையிலேயே கோயில். மேக்ஸ்வெல் நிலையத்திலிருந்தும் நடக்கலாம். நடுவில் மாரியம்மன், இரு பக்கமும் ராமரும் முருகனும். அவர்களை வணங்கிவிட்டுச் சுற்றி வரும்போது துர்க்கை, பிள்ளையார், முத்தாலராஜா, அரவான், திரௌபதி என்று தனித்தனி விமானத்தோடு சன்னதிகள் வரும். திரௌபதி சன்னதியில் ஐந்து பாண்டவர்களையும் காணலாம். முத்தாலராஜாவைப் பெரும்பாலோர் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கிராமத்திலிருந்து அப்படியே வந்த தெய்வம் அவர், கொஞ்சம் நின்று பார்க்கலாம். தமிழ்நாட்டுத் திரௌபதி கோயில்கள் பலவற்றில் முத்தால ராவுத்தர் என்ற முஸ்லிம் வீரரும் அம்மனுக்குக் காவலாக இருக்கிறார்.

விழாவைத் தொடர்ந்து பார்க்க விரும்பினால் கொடியேற்றத்திலிருந்தே தொடங்குவது நல்லது. கோயிலை நிர்வகிக்கும் இந்து அறக்கட்டளை வாரியம் ஆண்டுதோறும் நாள்களையும் விரத, பதிவு விதிகளையும் அறிவிக்கும். எல்லா நாளும் போக முடியாதவர்கள் திரௌபதி கல்யாணத்துக்கும் அரவான் களப்பலிக்குமாவது போகலாம். கூட்டம் குறைவு, பக்கத்தில் நின்று பார்க்கலாம். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு அங்குள்ள பெரியவர்கள் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.